வயலுக்குத் தெரிந்த காலடி

வளைவுக்குத் தெற்கே, சறுக்கு வீட்டிலிருந்து.

அன்புள்ள நெவிராவுக்கு,

இதை உட்கார்ந்து படி. உன் ஆஸ்பத்திரி இருக்கிற கப்பலடி ஊர்க்காரர்கள் கடிதத்தை நடந்துகொண்டே படிக்கிறார்களாம், வண்டிக்கார உல்கி அக்கா சொன்னாள். அவர்கள் காலடியைக் கேட்க அங்கே ஒரு பயிரும் இல்லை, எப்படியோ படித்துவிட்டுப் போகட்டும். நீ வயல்காரி. நல்லதோ கெட்டதோ, உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

வீடு நலம். வீட்டை வயலோடு இழுத்துப்போகும் சறுக்குக்கட்டை ஒன்று விரிசல் விட்டிருந்தது, கயிறு சுற்றி இறுக்கிவிட்டேன். கிழட்டு மோலா குட்டி போட்டிருக்கிறது. ஆறு காலும் நேராக இருக்கின்றன. (காலைப் பற்றி எழுதவே கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் எழுதிவிட்டேன், பார்.) குட்டி வந்ததும் வராததுமாக என் தொப்பியைத் தின்றுவிட்டது. வாசல் புளிக்கொடியில் காய்கள் வெடித்துப் பானை பானையாகச் சாறு. நீ இருந்தால் பாதியை உன் அண்ணன் வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்திருப்பாய். நான் கொடுக்கவில்லை. ஊரி மாவில் ரொட்டி சுடுகிறேன். ஒரு பக்கம் கருகுகிறது, மறுபக்கம் வேகவில்லை. இரண்டு பக்கத்தையும் தின்கிறேன்.

நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். வயலும் நலமில்லை.

நீ வண்டியேறிய அன்று எங்கே நின்றதோ, அங்கேயே நிற்கிறது. ஓடைக்கரையில் கவ்வி வேர் மண்ணுக்குள்ளிருந்து உன் பாதத்தைப் பிடித்து நசுக்கியதே, அந்த இடத்தைப் பார்த்தபடி முன்வரிசை தலைசாய்த்து நிற்கிறது. முன்வேரை ஊன்றுவதில்லை, பின்வேரை விடுவதில்லை. பழைய பூமியில் பயிரெல்லாம் நட்ட இடத்திலேயே நின்று, நின்ற இடத்திலேயே விளைந்ததாம். அந்தப் பயிரை எப்படித்தான் நம்பிச் சாப்பிட்டார்களோ. நம் ஊரி ஒரே இடத்தில் நின்றால் எனக்குச் செத்த வீடு மாதிரி இருக்கிறது.

பருவ இருட்டின் நிழல் இரட்டைக் குன்றின் தோள்வரை இறங்கிவிட்டது. அது இங்கே வந்து சேர்வதற்குள் வயல் ஏரித் தண்ணீரில் வேர் நனைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கதிர் எல்லாம் பதர். இதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சொல்கிறேன்.

நீ அனுப்பிய பொட்டலம் வந்தது. பிரித்தேன். வயலுக்கு முன்னால் நடக்கும்போது நீ கட்டும் இரண்டு தண்டைகளும் இருந்தன. கோரைக்கொட்டை ஒன்றுகூட உதிராமல், துடைத்துப் பளபளவென்று. உல்கி அக்கா கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு நீ சொன்னதைச் சொன்னாள்: "வயல அண்ணன் மகளுக்கு விட்டுடச் சொல்லு. முன்னடி போடறவளுக்கு ரெண்டு காலும் வேணும். என்னப் பாக்க வரேன்னு அவன் வயல விட்டுட்டு வந்தா மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

உனக்கு ஒரு வரி எழுதக் கை வரவில்லையா? கையில்தான் ஒன்றும் ஆகவில்லையே. கோபத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். ஆனால் எழுதியதை அடிக்கமாட்டேன், இருக்கட்டும்.

தண்டைகளை நானே கட்டிக்கொண்டு உன்னைப் போல நடந்து பார்த்தேன். நல்லவேளை நீ பார்க்கவில்லை. உன் அண்ணன் பர்தான் பார்த்துவிட்டார். வரப்பில் சாய்ந்து சிரித்தார். "மாப்பிள்ளை, வயலு பயந்துடப் போகுது" என்றார். வயல் பயப்படவும் இல்லை, அசையவும் இல்லை.

எனக்கு உட்காரத்தான் முடியவில்லை நெவிரா. அடுத்த வண்டிக்கு இன்னும் நாளிருக்கிறது என்று தெரியும். தெரிந்தும் வண்டி நிற்கும் வளைவு வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். வந்து கதவைத் தொடுவதற்குள் மறுபடி போகத் தோன்றுகிறது. காலுக்கு ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருக்கிறது.

தண்டைகளை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. உன் தலையணைக்கு அடியில் இருக்கின்றன. காயத்தில் ஈரம் படவிடாதே. அங்கே விற்கும் உப்பு மீனைத் தின்னாதே.

உன்,
ஓதுரு

*

வளைவிலிருந்து. சரியாகச் சொன்னால், வளைவுக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்து.

அன்புள்ள நெவிராவுக்கு,

உட்கார்ந்துகொண்டாயா? உட்கார்ந்துகொள். இந்த முறை நிஜமாகவே உட்கார வேண்டிய சேதி.

வயல் நகர்ந்தது. காலையில் கதவைத் திறக்கப் போனேன், திறக்கவில்லை. தோளால் முட்டினேன். இடுக்கு வழியே பார்த்தால் நீலத் தாள்கள். வாசற்படியைச் சுற்றி இடைவெளி இல்லாமல் ஊரி நிற்கிறது. ஜன்னல் வழியாகக் குதித்தேன். உன்னை நினைத்து அழுதேன், சிரித்தேன், மோலாக் குட்டியைத் தூக்கி முத்தம்கூடக் கொடுத்தேன். வயல் பிழைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அது ஏரிப் பக்கம் போகவில்லை. வளைவைப் பார்த்து நகர ஆரம்பித்தது. வளைவுக்குப் போய்ச் சேர்ந்ததும் முன்வரிசை அப்படியே திரும்பி வீட்டைப் பார்த்து வந்தது. மறுபடி வளைவு. மறுபடி வீடு.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. நம் ஆட்கள் கவலை வந்தால் உட்காருவார்கள். பிரசவ வீட்டில் அப்பன்காரனைப் பெஞ்சோடு சேர்த்துக் கட்டிப் போடுவது சும்மா வேடிக்கைக்கா? நம் கல்யாணத்தில்கூட உட்கார்ந்துகொண்டேதானே ஆட்டம் போட்டார்கள். நடை பழகும் பிள்ளைக்கு முதலில் சொல்லித் தருவதே பாதத்தின் ஓரத்தால் மெல்ல மிதித்துப் போவதைத்தான். நான் அதையெல்லாம் மறந்து, குதிகால் பதிய, தொம் தொம் என்று, வளைவுக்கும் வாசலுக்கும் நடந்திருக்கிறேன். காலடிக்கு ஏங்கிக் கிடந்த வயல், கிடைத்த காலடியைப் பிடித்துக்கொண்டது. என் கவலையைத்தான் அது இப்போது நடக்கிறது.

ஊர் பூராவும் வந்து பார்த்துவிட்டுப் போனது. பர்தான் மச்சான் இந்த முறை சிரிக்கவில்லை. "வயலு உங்கள மாதிரியே ஆயிடுச்சு மாப்பிள்ளை. போகவும் தெரியல, இருக்கவும் தெரியல" என்றார். அடித்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

சரி, என் காலடியாவது கேட்கிறதே என்று ஏரியைப் பார்த்து நடந்தேன். வந்தது நெவிரா! ஓடையைச் சுற்றிக்கொண்டு, கவ்விக் காட்டை விட்டு விலகி, ஒழுங்காகத்தான் வந்தது. நான் ஒருமுறை திரும்பி வளைவைப் பார்த்தேன், வண்டிப் புழுதி ஏதாவது தெரிகிறதா என்று. அவ்வளவுதான். முன்வரிசை திரும்பிவிட்டது. திரும்பக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாலும், கால் எப்படியோ தயங்குகிறது. அது தயக்கத்தையும் கேட்கிறது. ஏரிப் பக்கம் வண்டி வராது. உன்னைக் கொண்டுவரும் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் எப்படி நேராக நடப்பேன், நீயே சொல்.

நிழல் குன்றை விட்டு இறங்கிவிட்டது. குடைமரங்கள் இப்போதே மடங்க ஆரம்பித்துவிட்டன.

நேற்று மச்சான் மறுபடி வந்தார். வாசலில் ஊரி நிற்பதால் ஜன்னலுக்கு வெளியே குந்திக்கொண்டு பேசினார். அவர் மகள் ரிசா முன்னடி போடத் தயார் என்றார். நல்ல பெண், நல்ல காலடி, எனக்குத் தெரியும். "வயலு யாரு காலடிக்குப் போகுதோ அவங்க வீட்டு வயலு. இது நான் போட்ட வழக்கமில்ல. ஆனா பதராப் போறதுக்குப் பதிலா நம்ம வீட்டுக்குள்ளேயே இருக்கட்டுமே. வருஷத்துக்குத் தேவையான மாவ நான் குடுக்க மாட்டேனா?" என்றார். கொடுப்பார். அதுவும் எனக்குத் தெரியும். நிழல் ஓடையைத் தொடும்வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குமேல் பொறுக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார்.

இவ்வளவையும் எழுதி முடித்த பிறகுதான் வண்டி வந்தது. மேலே எழுதியதை அப்படியே விட்டுவிட்டு இதைச் சேர்க்கிறேன்.

உல்கி அக்கா வண்டியை நிறுத்திவிட்டு, "ஏண்டா தம்பி, என் வண்டிய வரவேற்க வயலையே கூட்டிட்டு வந்துட்டியா?" என்றாள். வீட்டுக்குக் கூட்டி வந்து அடுப்போரம் உட்காரவைத்ததும் நான் உன்னைப் பற்றிக் கேட்டேன். தூங்கினாயா, சாப்பிட்டாயா, காயம் ஆறியதா. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு ஏதோ சாதாரணச் சேதி போல, "இப்பல்லாம் மரப்பாதம் கட்டிக்கிட்டு நல்லாத்தான் நடக்குறா. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும்" என்றாள்.

நீ நடக்கிறாயா?

நடக்கிறாய் என்று எனக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை? தண்டையைத் துடைத்து அனுப்பத் தெரிந்தது. மரப்பாதம் கட்டி நடக்கிறேன் என்று சொல்லத் தெரியவில்லையா?

எப்படி நடக்கிறாள் என்று கேட்டேன். "எப்படின்னா? நடக்குற மாதிரிதான்" என்றாள். நடந்து காட்டு அக்கா என்றேன். என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். நொண்டி நடந்து காட்டுவது பாவம் என்றாள். நான் விடவில்லை. கடைசியில் அடுப்பு ஓரமாக எழுந்து நின்று, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு காட்டினாள்.

"கட்டக் கால மொதல்ல வைக்குறா, டொக்குனு. அப்புறம் நல்ல காலு, சத்தமே கேக்காது. மறுபடி டொக்கு. இப்படிக் கொஞ்ச தூரம் போனதும் நின்னுடுறா. மூச்சு வாங்கிக்கிட்டு வாய்க்குள்ளயே யாரையோ திட்டுறா."

யாரைத் திட்டுகிறாள் என்று கேட்டேன்.

"உன்னத்தான். வேற யார?"

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா.

"திரும்பறதுதான் அவளுக்கு ஆகல. அதனால செவுரு வர்ற வரைக்கும் நேரா போய்க்கிட்டே இருக்கா. செவுரு வந்துடுச்சுன்னா அதையும் திட்டுறா" என்றாள்.

அக்கா கிளம்புகிறாள், மோலாக்கள் முட்டிக்கொள்கின்றன. மீதியை அடுத்த வண்டியில் எழுதுகிறேன். எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. நீ கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால் சொல்லவில்லை.

உன் திட்டுக்குக் காத்திருக்கும்,
ஓதுரு

*

சதுப்பு ஓரம்.

அன்புள்ள நெவிராவுக்கு,

உட்கார்ந்துகொள். கடைசியாக ஒருமுறை.

முகவரியைப் பார்த்திருப்பாய். ஆம், சதுப்பு ஓரம். ஓடை தாண்டி, கருங்கல் மேடு தாண்டி, வயல் இங்கே வந்துவிட்டது. நின்று பார்த்தால் ஏரி ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. உல்கி அக்கா வளைவிலேயே வண்டியை விட்டுவிட்டு, வயல் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள். எழுதி முடிக்கும்வரை திட்டிக்கொண்டே இருப்பாள், அதனால் நீளமாக எழுத முடியாது.

குடைமரக் கட்டையில் ஒரு பாதம் செதுக்கினேன். கணுக்கால் மடங்காதபடி துணி சுற்றி இறுக்கி, அடியில் அதைக் கட்டிக்கொண்டேன். அக்கா எந்தக் காலால் காட்டினாள் என்று குழம்பிப்போய் முதலில் வலது காலில் கட்டியிருந்தேன். உனக்கு இடது கால் என்பதுகூட அந்தப் பதற்றத்தில் மறந்துபோயிற்று. அவிழ்த்து மறுபடி கட்டினேன். பிறகு முன்வரிசைக்கு முன்னால் போய் நின்று, ஏரியைப் பார்த்து நடந்தேன். டொக்கு. மெல்ல ஓர் அடி. டொக்கு.

வயல் அசையவில்லை.

கட்டிய கால் நெருப்பாக எரிந்தது. மூச்சு வாங்க நின்றேன். திட்டினேன். உன்னைத் திட்ட மனசு வரவில்லை, உன் அண்ணனைத் திட்டினேன். மறுபடி நடந்தேன். மறுபடி நின்றேன். இரண்டாம் முறை நின்றபோது எனக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. வேர் மண்ணை விடும்போது ஈரத் துணியைக் கிழிப்பது போல வருமே, அது. வயல் பூராவும்.

ஏன் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. நடக்க நடக்கத்தான் புரிந்தது. நீ எப்போதும் இப்படித்தான் நிற்பாய் நெவிரா. இரண்டு காலும் இருந்தபோதே. கொஞ்சம் நடப்பாய், பின்வரிசை வந்து சேரட்டும் என்று நிற்பாய், பிறகு நடப்பாய். ஊரில் வேறு எந்த முன்னடிக்காரியும் அப்படி நிற்பதில்லை. ரிசாகூட நிற்கமாட்டாள், அவளுக்கு அவசரம். தாழ்வாரத்தில் நீ மூச்சுக்காக நிற்கிறேன் என்று நினைக்கிறாய். வயலுக்கு அது நீதான். உன் கால் அல்ல அதற்குத் தெரிந்தது, உன் நிற்றல்.

இன்னொன்றும் நடந்தது. கட்டைக் காலோடு திரும்பிப் பார்க்க முடியவில்லை. திரும்பினால் விழுவேன். அதனால் வளைவைப் பார்க்காமல், வண்டிப் புழுதியைத் தேடாமல், நேராகவே நடந்தேன். என் இரண்டு கால்களும் செய்யாததை உன் ஒரு மரப்பாதம் செய்தது.

பர்தான் மச்சான் ரிசாவைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கரைக்கு வந்தார். நிழல் ஓடையைத் தொட்டிருந்தது, சொன்ன சொல் சொன்னதுதான். வரப்போரம் நின்று பார்த்தார். நான் நடந்துகொண்டிருந்தேன், திரும்ப முடியாது, அதனால் அவர் பேசியது காதில்தான் விழுந்தது. "இது என் தங்கச்சி நடையாச்சே" என்றார். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ரிசாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவர் வயலைப் பற்றிப் பேசவே இல்லை. தினமும் சாப்பாடு மட்டும் வருகிறது. ரொட்டி இரண்டு பக்கமும் வெந்திருக்கிறது. புளிச்சாற்றில் பாதியை நானே அவர் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நான் என் சொந்தக் காலால் நடந்தால் வயல் இப்போது கேட்பதில்லை. சோதித்துப் பார்த்தேன். என்னை அது மறந்துவிட்டது, நல்லதுதான்.

என் கணுக்கால் வீங்கித் தொப்பி மாதிரி ஆகிவிட்டது. சதுப்பைத் தாண்டித் தண்ணீர் வரைக்கும் தாங்குமா என்று தெரியவில்லை. அதற்காக உன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே. தாங்காவிட்டால் தவழ்ந்தாவது போவேன். பதராகப் போனாலும் மாவு கொடுக்க உன் அண்ணன் இருக்கிறார். வயலுக்கு நீ வேண்டியிருக்கிறது என்று இந்தக் கடிதம் முழுக்க எழுதியிருக்கிறேன். எழுத எளிதாக இருந்தது, அதனால் எழுதினேன். எனக்கு நீ வேண்டும். வீட்டில் உன் சத்தம் இல்லை. டொக்கென்று ஒரு சத்தம் போதும்.

பொட்டலத்தில் ஒரு தண்டை அனுப்பியிருக்கிறேன். ஒன்றுதான். தொலைந்துபோயிற்றோ என்று அக்காவோடு சண்டை போடாதே. நல்ல காலில் கட்டிக்கொள், அதற்கு அது போதும். மற்றதை என் மரப்பாதத்துக்கு மேல் நான் கட்டியிருக்கிறேன். அவிழ்க்கமாட்டேன், நீ வந்து அவிழ்.

வண்டி உன்னை வளைவில் இறக்கும். அங்கிருந்து வயலின் தடம் ஓடைவரை தெரியும், அதற்கப்பால் வழிகாட்ட மச்சான் தன் மோலாவோடு வளைவிலேயே காத்திருப்பார். ஆனால் வளைவில் இறங்கியதும் மோலாவைத் தேடாதே. முதலில் மண்ணில் ஓர் அடி வை. அடுத்தது வை. பிறகு நில். அவ்வளவு தூரத்திலிருந்தும் பின்வரிசை கேட்கும். தாள்கள் வளைவுப் பக்கம் திரும்பும். நீ வந்துவிட்டாய் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அத்தனை தூரம் நடத்தி வந்த வயல் அப்படியே உன்னைப் பார்த்துத் திரும்பிவிட்டால் என்ன செய்வாய் என்று அக்கா கேட்கிறாள். திரும்பினால் திரும்பட்டும். அதன் பின்னாலேயே நானும் வருவேன்.

உட்கார்ந்து படித்து முடித்திருப்பாய். இப்போது எழுந்திரு, நெவிரா.

உன் காலடியில் நடக்கும்,
ஓதுரு